தேத்தண்ணிக் கடையை இயல்பாக்கிய வரலாறு

ஒரு மனிதன் தேத்தண்ணி குடிக்க அரசாங்க உத்தரவு தேவையில்லை என்று ஜொகூர் பாரு ஜனங்கள் வெகுகாலமாக நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் வரையில் அந்த நம்பிக்கைக்கு ஒரு பழுதும் வரவில்லை.

அதை வைத்துப் பிழைத்தவள் கிருஷ்ணம்மா. பொதுத் தோற்ற இலாகா என்ற ஆபீசுக்கு நேர் எதிரே, அங்சானா மரத்தடியில் அவளுக்கு ஓர் ஒட்டுக்கடை இருந்தது. நாலு கம்பு, மேலே அத்தாப்பு ஓலைக் கூரை, ஓர் அடுப்பு, இரண்டு பெஞ்சு. கடை என்றால் அவ்வளவுதான். புருஷன் காளியப்பன் தேத்தண்ணி ஆற்றுவான். அவன் ஆற்றினால் கைக்கும் கைக்கும் நடுவே மூன்று முழத்துக்குத் தேத்தண்ணி தொங்கும். வாயைத் திறக்கிற வேலையெல்லாம் கிருஷ்ணம்மாவுடையது. வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டதில் பதினோரு வருஷமாக அவர்களுக்குள் சண்டை வந்ததில்லை.

எதிரே இருந்த இலாகா என்ன செய்தது என்று கேட்பீர்கள். நாடு பார்க்க எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதுவது அதன் பணி. எழுதியதைச் சரிபார்க்க ஒருவர், சரிபார்த்ததை மேலிடத்துக்கு அனுப்ப ஒருவர், மேலிடத்திலிருந்து திரும்பி வந்ததைக் கட்டி வைக்க இருவர். இத்தனை பேரும் நாளைக்கு நாலு தடவை தேத்தண்ணி குடித்தார்கள். ஆக நாட்டின் தோற்றத்தை அவர்கள் பெரும்பாலும் கிருஷ்ணம்மாவின் பெஞ்சில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஆபீஸ் பியூன் மூர்த்தி வந்து மரத்தில் ஒரு காகிதத்தை ஒட்டினான். ஒட்டிவிட்டு வழக்கம்போல் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"என்ன தம்பி அது?" என்றாள் கிருஷ்ணம்மா.

"உங்க கடை பார்வைக்கு இடைஞ்சலா இருக்குதாம்க்கா. முப்பது நாள்ல எடுத்துரணுமாம். எனக்குச் சீனி கொஞ்சம் தூக்கலா போடச் சொல்லுங்க."

கிருஷ்ணம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இந்த நாலு கம்பு போனால் மறுபடி ரப்பர் தோட்டத்துக்குப் போய் விடியற்காலை இருட்டில் பால் மரம் வெட்ட வேண்டும். காளியப்பனுக்கு முழங்கால் வேறு சரியில்லை. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ரோட்டைத் தாண்டி ஆபீசுக்குள் போனாள்.

உள்ளே பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, கனகசுந்தரம் இருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், கெட்டவர் இல்லை. அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம், மெர்சிங். ஏதாவது பிழை செய்தால் மேலிடம் தன்னை மெர்சிங்குக்கு மாற்றிவிடும் என்று அவர் இருபது வருஷமாகப் பயந்துகொண்டிருந்தார். அங்கே கடலும் மீனும் உண்டே தவிர ஒரு கோப்பு கூடக் கிடையாது என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

"கிராணி ஐயா, என் கடை என்ன செஞ்சுச்சு உங்கள?"

"எனக்கும் கவலைதான் கிருஷ்ணம்மா. நான் என்ன செய்யிறது? கடிதம் மேலிருந்து வந்தது." அவர் மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். "ஆனால் ஒரு வழி இருக்கு."

அந்த வழியைச் சொல்வதற்கு முன் அப்போதைய நாகரிகத்தைச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் போட்டோ என்றால் ஸ்டூடியோவில் அரண்மனை வரைந்த திரைக்கு முன்னால், ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, கடன்காரனைப் பார்ப்பது போல் பார்ப்பது. சீமையில் அதெல்லாம் பழசாகிவிட்டதாம். ஆள் தன்பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவனுக்கே தெரியாமல் எடுக்கிற படம்தான் படமாம். ஜொகூரிலும் கோட்டுப் போட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காமிராவை வாங்கிக்கொண்டு தூணுக்குப் பின்னாலும் புதருக்குப் பின்னாலும் ஒளிந்து திரிந்தார்கள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒளிந்த ஒரு கனவானைப் பெண்கள் துடைப்பத்தால் சாத்தினார்கள். அடி வாங்கினபோதும் அவர் முகத்தில் இருந்த உணர்ச்சி மிகவும் இயல்பாக இருந்ததென்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மேலிடத்துக்கும் அந்தக் காய்ச்சல் வந்துவிட்டது. ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஓர் 'இயல்பு வாழ்க்கைப் படம்' வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. அதில் ஒன்பதாவது விதி: அவ்வாறு பதிவான இயல்பு வாழ்க்கையை எக்காரணம் கொண்டும் அகற்றலாகாது.

கனகசுந்தரம் அதை வாசித்துக் காட்டியதும் கிருஷ்ணம்மா பிடித்துக்கொண்டாள். "அப்ப எங்க கடையப் படம் எடுங்க ஐயா!"

"எடுக்கலாம். ஆனால் நீங்கள் எல்லாரும் இயல்பா இருக்கோணும்."

"பொறந்ததுலேருந்து அப்படித்தானே இருக்கோம்."

"அதுக்கு ஏதும் அத்தாட்சி இருக்கோ?"

அத்தாட்சி இல்லை. ஆகவே கனகசுந்தரம் அச்சடித்த பாரம் ஒன்றை எடுத்து நீட்டினார். கைநாட்டு வைக்க மைப்பெட்டியையும் திறந்து வைத்தார்.

"இது எதுக்குங்க?"

"உங்களைப் படம் எடுக்கிறது உங்களுக்குத் தெரியாது எண்டு உறுதி சொல்லுற பத்திரம்."

"அதான் இப்ப சொல்லிட்டீங்களே ஐயா, தெரிஞ்சு போச்சே!"

"அதனாலதானே எழுதி வாங்கிறம்," என்றார் அவர், கொஞ்சமும் சிரிக்காமல். "தெரியாத ஆளிட்டை எதுக்குப் பத்திரம்?"

கிருஷ்ணம்மா யோசித்தாள். கடை நிற்க வேண்டும். தெரியாது என்று இரண்டு பிரதியில் கைநாட்டு வைத்தாள். காளியப்பனும் வந்து வைத்தான். அவனுக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது.

மறுநாள் மரத்தில் புது அறிவிப்பு: 'இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது யாதெனில், வருகிற வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு மேற்படி கடையில் ஒருவருக்கும் தெரியாமல் படம் எடுக்கப்படும். அனைவரும் தவறாது வந்து இயல்பாக இருக்கவும்.'

வியாழக்கிழமை வந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் மேஸ்திரி வேலை பார்க்கும் சபாபதி மண்டோரும் அவருடைய ரோட்டு ஆட்களும் தார் நாற்றத்தோடு வந்து உட்காருவார்கள். கெலாங் பாத்தா ரோட்டில் கல் பரப்புகிற கூட்டம் அது. அன்றைக்கும் வந்தார்கள். கிருஷ்ணம்மா பார்த்தாள், ஒருத்தரையும் அடையாளம் தெரியவில்லை. எட்டுப் பேரும் கோட்டுப் போட்டிருந்தார்கள். ஒருவன் குடை வைத்திருந்தான். சபாபதி நெற்றி நிறைய விபூதி பூசி, கோட்டுப் பையிலிருந்து சங்கிலி தொங்க, மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவரைப் போல் வந்து நின்றார்.

"என்னண்ணே இது? இயல்பா இருக்கச் சொன்னாங்கல்ல?"

"போட்டோவுக்கு இதான் தங்கச்சி இயல்பு," என்றார் சபாபதி, ஆணித்தரமாக. "பதினாலு வருசமா ஊருக்கு ஒரு படம் அனுப்பல. ஆத்தா பாக்கும்ல? மண்வெட்டியோட நின்னா அழுதுரும்."

அதற்குள் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆறு கூலிகள் தலையில் துண்டும் இடுப்பில் கோவணமாக மடித்த வேட்டியுமாக வந்தார்கள். அவர்களைக் கிருஷ்ணம்மாவுக்கு நன்றாகத் தெரியும். எல்லாரும் ஆபீஸ் கிராணிகள். படத்தில் உழைப்பாளிகள் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னதாம். ரோட்டு ஆட்களை நம்ப முடியாது என்று பெரிய கிராணியே ஏற்பாடு செய்துவிட்டார். அதில் ஒருவர் சபாபதியின் அருகே வந்து உற்றுப் பார்த்தார்.

"இந்தக் கோட் என்ர கோட் எல்லோ? சலவைக்குக் குடுத்தது!"

"அப்படியா? உங்க தோள்ல கெடக்கிற துண்டு என்னுது," என்றார் சபாபதி. இருவரும் பெரிய மனது பண்ணி அத்தோடு விட்டார்கள்.

பிறகு காமிரா வந்தது. மூன்று கால் வைத்த பெட்டி. அதை எங்கே நிறுத்த வேண்டும் என்று மேலிடத்தில் அனுமதி வாங்கி, கடைக்குப் பன்னிரண்டு அடி தள்ளித் தரையில் முளை அடித்திருந்தார்கள். கனகசுந்தரம் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார், வெளியே எடுத்தார், காமிராவோடு வந்த புத்தகத்தைப் புரட்டினார். அவர் முகம் வாடிவிட்டது.

"கடை நடுவில நிக்குது."

"ஆமாங்க, அது அங்கதான் நிக்குது."

"நடுவில நிக்கக்கூடாது. படத்தை மூண்டாப் பிரிச்சால், முக்கியமான பொருள் மூண்டில ஒரு பங்கிலதான் நிக்கோணும். அப்பதான் அழகு. புத்தகத்தில தெளிவா இருக்கு."

"பெட்டிய அந்தாண்ட ரெண்டடி நகத்துங்க ஐயா."

"பெட்டியின்ர இடத்துக்கு அனுமதி வாங்கியாச்சு. உங்கட கடைக்குத்தான் அனுமதியே இல்லையே, அதை நகத்தலாம்."

எட்டுக் கோட்டும் ஆறு கோவணமும் சேர்ந்து கடையைத் தூக்கின. கடை ஆறடி இடது பக்கம் போய், மர நிழலை விட்டு, சாக்கடை ஓரம் உச்சி வெயிலில் உட்கார்ந்தது. புத்தகம் திருப்தியடைந்தது.

அடுத்த கஷ்டம் காளியப்பன். அவன் தேத்தண்ணி ஆற்றினால் அவன் கை படத்தில் மங்கிவிடும் என்றார் கனகசுந்தரம். காமிராவின் கண்ணை எவ்வளவு திறப்பது, எவ்வளவு நேரம் திறப்பது என்று மேலிடம் எழுதி அனுப்பியிருந்தது: வேகம், ஒரு வினாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு.

"இன்னும் சுருக்கா மூடினா கை மங்காதுல்ல?" கிருஷ்ணம்மா கேட்டுவிட்டாள். பதினோரு வருஷம் கண்ணெதிரே தேத்தண்ணி ஆற்றுவதைப் பார்த்தவளுக்கு வேகம் தெரியாதா?

கனகசுந்தரம் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "ஓம், சரிதான். ஆனால் சுருக்கா மூடினால் கண்ணைப் பெரிசாத் திறக்கோணும். அதுக்கு எழுதிப் போட்டால் பதில் வர மூண்டு மாசம்."

"கடைக்கு இருக்கிறது முப்பது நாளு!"

"அதனால காமிராவை விடுவம். வாழ்க்கையை மெதுவாக்குவம்."

அப்படியே செய்தார்கள். காளியப்பன் ஒரு கையை மேலேயும் ஒரு கையைக் கீழேயும் நீட்டி அசையாமல் நின்றான். நடுவில் தேத்தண்ணிக்குப் பதிலாக, தேத்தண்ணியில் முக்கி எடுத்த வேட்டிக் கிழிசல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆவி வந்து முகங்களை மறைத்ததால் அடுப்பை அணைத்தார்கள். ஒருவரும் காமிராவைப் பார்க்கக்கூடாது என்பதால் யார் எதைப் பார்ப்பது என்று பிரித்துக் கொடுத்தார்கள். சபாபதிக்குக் கிடைத்தது வடைத் தட்டு. வடை தீர்ந்துவிட்டபடியால் அவர் வெறும் தட்டை ஆவலோடு பார்க்கும்படி ஆயிற்று. ஈக்களுக்கு மட்டும் யாரும் வேலை பிரித்துக் கொடுக்கவில்லை. அவை இஷ்டத்துக்குத் திரிந்தன.

கிருஷ்ணம்மாவால் வாயைக் கட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. "ஐயா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஒரு வாரம் அந்தப் பெட்டிய மடியில வச்சுக்கிட்டு இங்கயே சும்மா உக்காருங்க. நாலாம் நாளு ஒருத்தனும் உங்களத் திரும்பிப் பாக்க மாட்டான். அப்ப அமுக்குங்க."

"ஒரு வாரம் தேத்தண்ணிக் கடையில உத்தியோக நேரத்தில குந்தியிருக்கிறதோ? மேலிடம் என்ன சொல்லும்? மெர்சிங்தான்!" என்றார், அந்தப் பெஞ்சில் இருபது வருஷ உத்தியோகத்தில் பாதியைக் கழித்த கனகசுந்தரம்.

கடைசியாகப் புத்தகத்தில் ஒரு பக்கம் பாக்கி இருந்தது. வலது ஓரம் வெறிச்சென்று கிடக்கக்கூடாதாம். கனமாக ஏதாவது இருக்க வேண்டுமாம். அங்கே இருந்தவர்களில் கனமானவர் கனகசுந்தரம்தான். அவர் மூர்த்தியிடம் காமிராவை ஒப்படைத்துவிட்டு வலது ஓரத்தில் உட்கார்ந்து, வெறும் கிளாசை உதட்டில் வைத்துக்கொண்டார். மூர்த்தி அமுக்கினான்.

படம் அபாரமாக வந்தது என்று சொல்ல வேண்டும். எள்ளளவும் மங்கல் இல்லை. இரண்டு வாரத்தில் மேலிடத்து உத்தரவும் வந்தது: இவ்வளவு இயல்பான வாழ்க்கையை இந்த இலாகா இதுவரை கண்டதில்லை, ஒன்பதாம் விதிப்படி கடை நிலைக்கும்.

கிருஷ்ணம்மா நடு ரோட்டில் நின்று அழுதாள். அப்படி ஒரு சந்தோஷம். காளியப்பனைக் கட்டிப் பிடிக்க முடியாதபடி ஊரே பார்த்துக்கொண்டிருந்ததால் மூர்த்திக்கு இரண்டு வடை இனாமாகக் கொடுத்தாள்.

"இன்னும் ஒரு வரி இருக்குக்கா," என்றான் மூர்த்தி, வடையை மென்றுகொண்டே. "கடை படத்துல உள்ளபடி நிலைக்கும்."

மறுநாளிலிருந்து மூர்த்தி காலையில் படத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு முளைக்கருகே நிற்பான். படத்தைப் பார்ப்பான், கடையைப் பார்ப்பான். "அடுப்பு எரியுதுக்கா, படத்துல எரியல." அடுப்பு அணையும். "மாமா, கையத் தூக்குங்க." காளியப்பன் தூக்குவான். வேட்டிக் கிழிசல் காற்றில் ஆடும். உட்காருகிறவர்கள் கோட்டுப் போட்டிருக்க வேண்டும், வெறும் தட்டைப் பார்க்க வேண்டும். ஜொகூரில் அதைவிட அழகான தேத்தண்ணிக் கடை கிடையாது. அதில் தேத்தண்ணிதான் கிடையாது.

ஒரு வாரத்தில் இலாகா ஆடிப் போயிற்று. கிராணிகளுக்குத் தலைவலி. சரிபார்க்கிறவர் தூங்கினார், கட்டி வைக்கிறவர்கள் கட்டியதை அவிழ்த்தார்கள். கனகசுந்தரம் தாங்க மாட்டாமல், இவ்வாபீசின் அருகே தேத்தண்ணி கிடைக்க ஆவன செய்யுமாறு பணிந்து எழுதினார். பதிலாக அந்தப் படமே வந்தது. வலது ஓரத்தில் சிவப்பு மையால் ஓர் அம்புக்குறி. கீழே ஒரு குறிப்பு: 'தாங்கள் குடித்துக்கொண்டிருப்பது தெளிவாகத் தெரிகிறது. இத்துடன் விஷயம் முடிந்தது.'

முடியவில்லை. கிருஷ்ணம்மா இருக்கும்போது எப்படி முடியும்? ஒரு நாள் சாயங்காலம் அவளே முளைக்கு அருகில் போய் நின்றாள். மூர்த்தி கையிலிருந்த படத்தை வாங்கி, எங்கே முடிகிறது என்று பார்த்தாள். சாக்கடை வரைக்கும்தான் படம். சாக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு பலா மரம், அது படத்தில் இல்லை.

"தம்பி, பலா மரத்தடியில ஒரு அடுப்பு எரிஞ்சா உனக்குத் தெரியுமா?"

மூர்த்தி படத்தைப் பார்த்தான். "தெரியாதுக்கா. படத்துலயே இல்லாதது எனக்கு எப்படித் தெரியும்?"

அவ்வளவுதான். முன்னால் கடை படத்தில் உள்ளபடி நின்றது. பின்னால் பலா மரத்தடியில் அடுப்பு எரிந்தது. காளியப்பனின் கையிலிருந்து பழையபடி மூன்று முழம் தேத்தண்ணி இறங்கியது. சபாபதி தார் நாற்றத்தோடு வந்தார். கிராணிகள் கோட்டைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். சிரிப்பும் சண்டையுமாக அந்த இடம் திமிலோகப்பட்டது. கிருஷ்ணம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் கனகசுந்தரம் பலா மரத்தடிக்கு வந்தார். தோளில் ஒரு புதுச் சின்னக் காமிரா. கால் கிடையாது, முளை கிடையாது, உள்ளங்கைக்குள் அடங்கும். வேகம் ஒரு வினாடியில் இருநூறில் ஒன்று வரைக்கும் போகுமாம். பாவம், மேலிடம் எல்லாவற்றையும் கேள்விப்பட்டுவிட்டது: 'இயல்பு வாழ்க்கை படத்தை விட்டு வெளியேறியிருப்பதாக அறிகிறோம். அகன்ற கண்ணுள்ள காமிரா அனுப்பியிருக்கிறோம். உடனே புதிதாகப் பதிவு செய்க, அல்லது அகற்றுக.'

அவர் சாக்கடை ஓரம் நின்று பார்த்தார். பலா இலை வழியாக வெயில் இதமாக இறங்கியது. அடுப்பும் காளியப்பனும் சரியாக மூன்றில் ஒரு பங்கில் நின்றார்கள். அவர்களை யாரும் நகர்த்தவில்லை. சபாபதி ஏதோ கதை சொல்ல, பக்கத்தில் இருந்த கிராணி தேத்தண்ணி மூக்கில் ஏறும்படி சிரித்துக்கொண்டிருந்தார். ஒருத்தரும் இவரைப் பார்க்கவில்லை. புத்தகத்தில் எழுதியிருந்த அத்தனையும் அங்கே தானாக இருந்தது. விரலை அமுக்கினால் போதும்.

கனகசுந்தரம் இருபது வருஷ உத்தியோகஸ்தர். தொண்டையைச் செருமினார்.

"கிருஷ்ணம்மா, இந்த முறை உங்களுக்குச் சொல்லாமல்தான் எடுக்கப் போறன். அதைச் சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனான்."

பெஞ்சில் இருந்தவர்கள் கிளாசைக் கீழே வைத்தார்கள்.

"அலமாக்! மறுபடியுமா?" கிருஷ்ணம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எடுங்க ஐயா, எடுங்க! இதுவும் படத்துல உள்ளபடி நிக்கட்டும். நான் அடுப்ப இன்னும் பின்னால தள்ளிக்கிறேன். கடல் வரைக்கும் எடம் இருக்கு! ஆனா ஒண்ணு, போன தடவ மாதிரி கோமாளி வேசம் கட்ட இங்க ஒருத்தனும் தயாரா இல்ல. வேணும்னா கேட்டுப் பாருங்க!"

அவர் கேட்பதற்காகத் திரும்பினார். பெஞ்சு காலி. சபாபதியும் ஆட்களும் சலவைக்காரன் வீட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். கிராணிகள் ஆபீஸ் கண்ணாடி முன்னால் இடம் பிடிக்க முண்டியடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார்கள். காளியப்பன் குவளையைக் கீழே வைத்துவிட்டு, முழங்கால் வலியைக்கூட மறந்து, சவரத்துக்குப் போய்விட்டான்.

கிருஷ்ணம்மா அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவள் கை மெதுவாகக் கொண்டைக்குப் போயிற்று.

"போன தடவ எனக்குத் தலை சரியா விழுகல ஐயா," என்றாள் சன்னமான குரலில். "செத்த நேரம் இருங்க. அந்தச் செவப்புச் சேலைய மட்டும் மாத்திக்கிட்டு ஓடியாறேன்."

கனகசுந்தரம் தனியாக நின்றார். வெயிலில் நடந்து வந்த களைப்பு. ஆற்றி வைத்த தேத்தண்ணி ஒன்று குடிக்க ஆளில்லாமல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பெஞ்சில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்தார். சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு சர்ரென்று ஓர் இழுப்பு இழுத்தார். மீசையில் நுரை ஒட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் ஜொகூர் முழுவதிலும் இயல்பாக இருந்தவர் அவர் ஒருவர்தான். காமிராவும் அங்கேதான், அவர் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.